மடலைத் திறந்தவன்

கடகம் 2, வெள்ளி

ஊரார் இத்திங்களை ஆடி என்பர். ஆடியில் மணவிழா இல்லை; மணவிழா இல்லையேல் மேடை இல்லை; மேடை இல்லையேல் இந்தத் தழல்மாறன் வெறும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கோபிசெட்டிபாளையத்தில் என் குரல் கேளாத தெருமுனை இல்லை எனப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயினும் குரல் காற்றில் கரைவது. ஆகவே முப்பதாண்டுப் பொழிவுகளையும் நூலாக்குகிறோம். ஒலிநாடாக்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அவற்றைக் கணினியில் தட்டெழுதியவள் என் துணைவி தாமரைக்கண்ணி. மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பெற்றோர் இட்ட பெயர் கமலாட்சி. மணமேடையிலேயே நான் அதைத் தமிழாக்கினேன். ஊரார் இன்றுவரை கமலா என்றே அழைக்கின்றனர். திருத்தித் திருத்திச் சலித்தேன்.

ஒலிநாடாக்கள் பூஞ்சை படர்ந்து பாழாயின. இன்று என் சொல்லெல்லாம் வாழ்வது கூடத்து மூலையில் நிற்கும் அந்தக் கணினியில்தான். அடுத்த திங்களில் நூல் வெளியீடு.

காலையில் அச்சகத்துக்குச் சென்று, பென் டிரைவ் எனப் பிறர் கூறும் விரலியில் அட்டைப்பட மாதிரியை வாங்கி வந்தேன். கணினியில் செருகினேன். சற்று நேரத்தில் என் பொழிவுகள் இருந்த கோப்புறைகள் யாவும் வெறும் குறுக்குவழிப் படங்களாகிக் கிடந்தன. தொட்டால் திறக்கவில்லை. என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"கத்தாதீங்க, எங்கயும் போயிருக்காது. வைரஸ் அதையெல்லாம் மறைச்சு வெச்சிருக்கு" என்றாள். "அச்சாபீஸ் பென் டிரைவை ஸ்கேன் பண்ணாமச் சொருகாதீங்கன்னு சொன்னனில்லீங்க?"

"வைரஸ் அன்று. நச்சுநிரல்."

"செரிங்க. அந்த நச்சுநிரலை நீங்கதான் ஸ்கூட்டர்ல உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்க."

உலை கொதிப்பதற்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். நன்று. நன்று என்றே எழுதுகிறேன்.

கடகம் 3, காரி

அடுத்த வீட்டு இராமாத்தாள் வந்தாள். பால் கூட்டுறவு மன்றத் தலைவி. அவர்கள் அலுவலகக் கணினியிலும் இதே நோய். தாமரைக்கண்ணி சோற்றை இறக்கிவைத்துவிட்டு விளக்கினாள்.

"குண்டா நிறையப் பால் இருக்குது. ஒரு கரண்டி மோர் உள்ள விழுந்தா என்னாகும்?"

"விடிஞ்சாத் தயிராயிருமுங்க்கா."

"மோர் ஒரு கரண்டிதானே? எப்படி மொத்தமும் மாறுச்சு? உள்ள போனது தன்னையே பெருக்கிக்குது. வைரஸும் அதுதான். ஒரு பைல்ல ஒட்டிக்கும். அந்த பைலைத் தொறந்தா அடுத்ததுல ஒட்டும். பென் டிரைவுல ஏறி அடுத்த வீட்டுக்கும் போகும்."

நான் அறையிலிருந்து வெளிவந்தேன். "நச்சுநிரல் எனப்படுவது, தன்னைத்தானே படியெடுத்துத் தான் தங்கும் நிரலைத் தன்வயமாக்கும் தீவினைக் கட்டளைத் தொகுப்பு" என்று வரையறுத்தேன். என் வரையறைகளுக்குப் பெயர் உண்டு.

இராமாத்தாள் கைகட்டி மரியாதையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு மோரே போதுமுங்க வாத்தியாரே."

கடகம் 5, திங்கள்

முருங்கைக் கீரை ஆய்ந்தேன். எரிவளி உருளை வந்தது. மாலையில் நாச்சிமுத்து வந்தார். நூலக வாசகர் வட்டச் செயலர். ஆடிதோறும் வட்டத்துக் கூட்டத்துக்குப் பேச்சாளர் தேடி அவர் கிளம்பினால், என் வீட்டு வாயிலில்தான் அவருடைய செருப்பு முதலில் கிடக்கும். நான் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தமர்ந்தேன்.

"ஐயா நல்லா இருக்கீங்களா? அக்கா இருக்காங்களா?"

"இருக்கிறாள். என்ன தலைப்பு வைத்திருக்கிறீர்கள்?"

"அதாங்கய்யா, அக்காவையே கேட்டு வெச்சுக்கலாமுன்னு. வர்ற ஞாயித்துக்கெழம, வீட்டுக் கம்ப்யூட்டரை வைரஸ்கிட்ட இருந்து எப்படிக் காப்பாத்தறது. ராமாத்தாக்கா போற பக்கமெல்லாம் மோர்க் கதையைச் சொல்லிட்டிருக்காங்க."

காபி எனப் பிறர் கூறும் குளம்பி ஆறிப்போனது. அவர் என் பக்கம் திரும்பி, "ஐயா தலைமை தாங்கோணும். ஒரு அஞ்சு நிமிசம் பேசுனாப் போதுமுங்க" என்றார்.

ஐந்து நிமிடத்தில் நான் அவைக்கு வணக்கம்கூடச் சொல்லி முடித்ததில்லை. இருந்தும் ஒப்புக்கொண்டேன். துணைவியின் வளர்ச்சியில் மகிழாதவன் கணவனல்லன்.

கடகம் 8, வியாழன்

அவள் எதையும் ஆயத்தம் செய்வதாகத் தெரியவில்லை. "உரையை எழுதிக் கொடு, திருத்தித் தருகிறேன்" என்றேன்.

"எழுதலீங்க. தெரிஞ்சதைத்தானே சொல்லப் போறேன்?"

தெரிந்ததைச் சொல்வதா பேச்சு? ஒரு பொழிவுக்கு நான் மூன்று நாள் கண்ணாடி முன் நின்றிருக்கிறேன். இவளோ துணி மடிக்கிறாள், வெங்காயம் அரிகிறாள், தொலைக்காட்சியில் சமையல் பார்க்கிறாள். அவையை இத்தனை எளிதாக எண்ணுபவர்களை அவை மன்னிக்காது. அவளுக்காக அஞ்சுகிறேன்.

கடகம் 11, ஞாயிறு

நூலகக் கூடம் நிறைந்திருந்தது. என் நினைவுக்கு எட்டியவரை அக்கூடத்தில் அமர இடமின்றிப் போனதில்லை. இன்று நின்றார்கள்.

தலைமையுரையில் நான் கணினியின் தோற்றத்தில் தொடங்கி, தமிழில் கலைச்சொல் படைக்கும் கடமைக்கு வந்து, அயற்சொல் என்னும் நச்சுநிரலே முதலில் களையப்பட வேண்டியது என்று முழங்கினேன். குரல் நன்றாக எழும்பியது. அப்போது துண்டுச் சீட்டு வந்தது. மேடை ஏறியவர்க்குத் துண்டுச் சீட்டின் பொருள் தெரியும். நான் பிறருக்கு அனுப்பச் சொன்னதுண்டு, எனக்கு வந்ததில்லை. முடித்துக்கொண்டேன்.

அவள் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள். "நானொண்ணும் பேச்சாளி இல்லீங்க. எங்கூட்ல அதுக்கு வேற ஆள் இருக்காரு."

சிரித்தார்கள். முதல் வரியிலேயே சிரித்தார்கள்.

"வைரஸ்னா பேயுமில்லீங்க, பிசாசுமில்லீங்க. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதுன புரோகிராமு. நல்ல புரோகிராமு நாம சொல்றதைச் செய்யும். இது எழுதினவன் சொல்றதைச் செய்யும். சிலது பைலை அழிக்கும். சிலது சத்தமில்லாம உட்கார்ந்து நீங்க அடிக்கற பாஸ்வேர்டைப் பார்த்துட்டே இருக்கும். சிலது எல்லாத்தையும் பூட்டிப்போட்டு, சாவி வேணும்னா காசு குடுன்னு கேட்கும்."

மோர்க் கதையும் சொன்னாள். பிறகு:

"நகைக்குப் பாலிஷ் போடறேன்னு வந்தவன் கதவை ஒடைச்சுட்டா உள்ள வந்தான்? நாமதானே தொறந்துவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, வளையலையும் கழட்டிக் குடுத்தோம்? கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். பரிசு விழுந்திருக்கு, பார்சல் வந்திருக்கு, இதைத் தொறந்து பாருங்கன்னு மெயில் வரும். அனுப்பினவங்களை உங்களுக்குத் தெரியாதுன்னா தொறக்காதீங்க. தெரிஞ்சவங்களா இருந்தாலும் போன் போட்டுக் கேட்டுட்டுத் தொறங்க."

நோய்தடுப்பு நிரலை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு, பழைய திருடனின் படத்தை வைத்துக்கொண்டு புதிய திருடனைத் தேடும் காவலாளியை உவமை சொன்னாள். காப்புப்படி எடுத்து வைப்பதற்கு விதைநெல்: "வெதநெல்லையும் சோத்துநெல்லையும் ஒரே குதிர்ல கொட்டினா எலி ரெண்டையுமேதான் திங்கும். காப்பி எடுத்ததும் அந்த டிஸ்க்கு ஒயரைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிருங்க. சொருகியே வெச்சிருந்தா அது காப்பியே இல்லீங்க."

பெண்கள் எழுதிக்கொண்டார்கள். பாட்டு நோட்டின் பின்பக்கத்தில், கைப்பேசியில், ஒருத்தி உள்ளங்கையில். என் பொழிவுகளின்போது கண்ணீர் வடித்தவர்களைக் கண்டிருக்கிறேன், குறிப்பெடுத்தவரைக் கண்டதில்லை.

முதியவர் ஒருவர் கேட்டார்: "இங்கிலீசு மெயில்னா பயமா இருக்குதும்மா. தமிழ்ல வந்தா நம்பலாமா?"

"திருடனுக்குத் தமிழ் தெரியாதுன்னு ஆர் சொன்னாங்க, தாத்தா?"

கூடம் குலுங்கியது. தமிழையும் திருட்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தச் சொல் எனக்குத் தைத்தது. வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் போர்த்தினார்கள், என்னுடையது துண்டு.

கடகம் 12, திங்கள்

குளம்பியில் இனிப்புக் குறைவு. சொன்னேன். "எப்பவும் போடற அளவுதானுங்க" என்றாள்.

கடகம் 13, செவ்வாய்

அலைபேசி ஓயவில்லை. "கமலா மேடமுங்களா?" என்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறேன். சத்தியமங்கலத்தில் வியாழனன்று பேச்சு. இருபத்தைந்தாம் நாள் ஊருக்கு வெளியே ஒரு திருமண மண்டபத்தில் மகளிர் குழுக்களின் பெருங்கூட்டம்; அங்கும் இவளே சிறப்புரை.

அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்த வேளையில், பீரோ என அவள் கூறும் நிலைப்பேழையைத் திறந்தேன். பட்டுப்புடவைகளுக்கு அடியில் காப்பு வன்தட்டை வைத்திருக்கிறாள். வெள்ளிதோறும் என் பொழிவுகளைப் படியெடுத்துவிட்டு அங்கே கொண்டுபோய் வைப்பாள். அதைக் கணினியில் பொருத்திப் பார்த்தேன். தன் உரையை எங்கோ எழுதித்தான் வைத்திருக்க வேண்டும், எழுதாமல் ஒருவர் அப்படிப் பேச இயலாது என்பது என் உறுதி. யார் எழுதிக் கொடுத்தார் என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்றுமில்லை. எல்லாம் என் பொழிவுகள். ஆண்டுவாரியாக, தலைப்புவாரியாக, ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அவள் பெயரில் ஒரே ஒரு கோப்பு. அதில் மின்கட்டணக் கணக்கு.

அவள் செருப்போசை கேட்டது. வன்தட்டைக் கணினியின் பின்புறம் தள்ளிவிட்டு நாளிதழை எடுத்துக்கொண்டேன்.

கடகம் 15, வியாழன்

இந்நாளை மறவேன்.

தாமரைக்கண்ணி சத்தியமங்கலம் சென்றிருந்தாள். மாலையில் மின்மடல் பெட்டியைத் திறந்தேன். பரிசுச்சீட்டு, கடன், அழகுக்களிம்பு என வழக்கமான குப்பைகளின் நடுவே ஒரு மடல். அப்படியே படியெடுத்து எழுதுகிறேன்:

"நாநலம் மிக்க புலவர் தழல்மாறனார்க்கு வணக்கம். தங்கள் நெடுநாள் தமிழ்ப்பணியைப் போற்றிச் 'சொற்கொண்டல்' என்னும் பட்டம் வழங்கப் பன்னாட்டுச் செந்தமிழ் அவையம் ஒருமனதாய் முடிவெடுத்துள்ளது. விழா அழைப்பு இம்மடலின் இணைப்பில் உள்ளது. திறந்து காண்க."

முழு மடலிலும் ஓர் அயற்சொல் இல்லை. மின்னஞ்சல் என்றுகூட எழுதாமல் மடல் என்றே எழுதியிருந்தார்கள். பொய்யன் பணத்தைப் பற்றி எழுதுவான், பரிசைப் பற்றி எழுதுவான். தமிழை இவ்வளவு தூய்மையாய் எழுதுபவன் பொய்யனாக இருக்க இயலுமா? இருபதாண்டுகளுக்கு முன்னரே வந்திருக்க வேண்டிய பட்டம் இது.

இணைப்பைத் தொட்டேன். உள்ளடக்கத்தைக் காண இசைவு தருக என்று ஒரு கட்டம் தோன்றியது, தந்தேன். திரை ஒருமுறை மினுக்கி வெறுமையாயிற்று. அழைப்பு பெரிய கோப்பாக இருக்கக்கூடும், நாளை பார்க்கலாம்.

இரவு உணவின்போது சத்தியமங்கலத்தில் தனக்குத் தந்த பூங்கொத்தை அவள் குவளையில் வைத்தாள். அழைப்பு கையில் வரட்டும், பிறகு அவள் முன் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

கடகம் 16, வெள்ளி

கணினி பழுது.

பொழிவுகள் எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் பொருளற்ற எழுத்துகள். திரையில் கறுப்புப் பின்புலத்தில் ஆங்கில அறிவிப்பு. தாமரைக்கண்ணி படித்தாள். அவள் நிறம் மாறுவதைக் கண்டேன். முதலில் சுவரிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கினாள்.

"எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. காசு குடுத்தாச் சாவி தர்றேன்னு எழுதியிருக்கு." கம்பியைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். "பரவால்லீங்க. டிஸ்க் இருக்குதே."

நிலைப்பேழைக்குப் போனாள். புடவைகளை எடுப்பதும் வைப்பதும் கேட்டது. திரும்பி வந்தவள் கணினியின் பின்புறம் எட்டிப் பார்த்தாள். வன்தட்டின் சிறு நீலவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்படீங்க இங்க வந்துச்சு?"

"தூசி துடைக்க எடுத்தேன்."

"ஏதாச்சும் தொறந்தீங்களா? மெயிலு, லிங்க்கு, ஏதாச்சும்?"

"இல்லை."

வன்தட்டிலும் அதே பொருளற்ற எழுத்துகள். முப்பதாண்டும் இரண்டு இடத்திலும் ஒருசேரப் பூட்டப்பட்டுவிட்டன.

நேற்றைய மடலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை. எனினும் அந்த மடலை அலைபேசி வழியே அழித்துவிட்டேன். பெட்டி தூய்மையாக இருப்பது நல்லது.

கடகம் 17, காரி

பணம் கட்டிவிடலாம் என்றேன். நூல் வெளியீட்டுக்கு அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. விழா எடுக்கும் தமிழ் மன்றத்தார் முன் எந்த நெஞ்சோடு நிற்பேன்?

"கட்ட வேண்டாமுங்க. கட்டினாச் சாவி வருமுன்னு ஒரு நிச்சயமும் கெடையாது. குடுக்கற வீடுன்னு தெரிஞ்சா மறுக்கா வருவான். போலீஸ்ல புகார் குடுக்கலாம். பூட்டின பைலை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். சில பூட்டுக்குப் பின்னாடி சாவி கண்டுபுடிச்சு சும்மாவே குடுக்கறாங்க."

"எப்போது?"

"தெரியாதுங்க. வராமயும் போகும்."

இணையக் குற்றப் பிரிவுக்குப் புகார் எழுதினாள். எப்படி நுழைந்தது என்ற கட்டத்தில் தூவலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் சன்னல் வழியே மழை வருமா என்று பார்த்தேன். "தெரியவில்லை" என்று எழுதினாள்.

கடகம் 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றுக்குப் போயிற்று, நாங்கள் போகவில்லை. பூட்டப்பட்ட வன்தட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அவள் காலையிலிருந்து கணினியைத் துடைத்து, யாவற்றையும் புதிதாக நிறுவி, கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்த முன்னுரை மட்டும் தப்பியது. முன்னுரை இருக்கிறது, நூல் இல்லை.

பகலில் கலந்தசோற்றுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, சொற்கொண்டல்னா என்னங்க அர்த்தம்?"

கொண்டல் என்பது மழைமுகில், சொல்லை மழையாய்ப் பொழிபவன் என்பது பொருள் என விளக்கினேன்.

"நல்ல பேருங்க" என்றாள். துருவலைத் தொடர்ந்தாள்.

ஏன் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. அழித்த மடல்கள் உடனே மறைவதில்லை, தனியொரு பெட்டியில் சில நாள் கிடக்கும் என்று அவளே ஒருமுறை யாருக்கோ சொன்னது நினைவுக்கு வந்தது.

கடகம் 20, செவ்வாய்

நாச்சிமுத்து வந்தார். மண்டபம் உறுதியாயிற்று, துண்டறிக்கை அடித்தாயிற்று. தாமரைக்கண்ணி மறுத்துத் தலையசைத்தாள்.

"நான் வரலீங்க, தம்பி. எங்கூட்டுக் கம்ப்யூட்டரையே காப்பாத்த முடியல. எந்த மொகத்தோட போய்ப் பேசறது?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார், நான் ஏதேனும் சொல்வேன் என்று. அவளுக்கு ஓய்வு தேவை என்பதே என் உண்மையான கருத்து. அதைச் சொன்னேன். என் உள்ளத்தில் ஏதோ ஒன்று இளகியதை மறைக்காமல் எழுதுகிறேன். அது அவள்மீதுள்ள அக்கறை. வேறொன்றாகவும் இருக்கலாம். மண்டபத்துக்கு மாற்றுப் பேச்சாளர் வேண்டுமானால் எனக்கு அன்று வேலை ஏதுமில்லை என்றும் சொல்லி வைத்தேன்.

கடகம் 22, வியாழன்

துணி காயப்போட்டபடி, "போய்ப் பேசலாமுன்னு இருக்கறனுங்க" என்றாள். "போன தடவ சொன்னதெல்லாம் புஸ்தகத்துல இருக்கறது. இப்பத்தான் எனக்கே பட்டு வந்திருக்கு."

பட்டது யாருக்கு என்று கேட்க நினைத்தேன்; அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன். நாச்சிமுத்து மாற்றுப் பேச்சாளரைப் பற்றி என்னிடம் மறுபடி பேசவேயில்லை.

கடகம் 25, ஞாயிறு

மண்டபம். ஆயிரம் நாற்காலி என்றார்கள். பெரிதாகச் சொல்லும் பழக்கம் நாச்சிமுத்துவுக்கு உண்டு, ஆனால் வெற்று நாற்காலி ஒன்றும் இல்லை. எனக்கு மேடையில் இடமில்லை. முதல் வரிசையில் இராமாத்தாளுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். மேடையைக் கீழிருந்து பார்த்துப் பழகாத கண்கள் எனக்கு, கழுத்து வலித்தது.

மோர், நகை, காவலாளி, விதைநெல் எல்லாம் வந்தன. பிறகு அவள் நிறுத்தினாள். அவளுடைய நிறுத்தங்களை நான் கவனித்திருக்கிறேன். அவை திட்டமிட்டவை அல்ல. அதனாலேயே அவை நெஞ்சில் தைக்கின்றன.

"இத்தனையும் ஊருக்குச் சொன்னவ வீட்டுக்கு என்னாச்சுன்னு சொல்லோணுமில்லீங்க. பத்து நாளைக்கு முந்தி எங்கூட்டுக் கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்க. எங்கூட்டுக்காரர் முப்பது வருசமாப் பேசினது அத்தனையும் போச்சு. ஒரு மெயில் வந்துச்சு. உங்களுக்கு ஒரு பட்டம் குடுக்கறோம், அழைப்பிதழைத் தொறந்து பாருங்கன்னு. தொறந்தது நாந்தானுங்க."

மண்டபம் முழுவதும் ஓர் இரக்க ஒலி எழுந்தது.

"எல்லாம் தெரிஞ்சவதான். இருந்தாலும் தொறந்துட்டேன். ஏன்னா அதுல என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை இருந்துச்சுங்க. அந்த மாதிரி நாலு வார்த்தைய ஆராச்சும் சொல்லமாட்டாங்களான்னு காத்திருக்கற மனசு எல்லாத்துக்கும் இருக்குமில்ல? வைரஸ் எழுதறவன் கம்ப்யூட்டரை மட்டும் படிச்சவன் இல்லீங்க. மனுசனையும் படிச்சவன். சிலபேருக்கு ஆசை, சிலபேருக்குப் பயம். அவனவனுக்குத் தக்க தூண்டில்."

கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் பிழையைத் தானே சொல்லும் நெஞ்சுரம் யாருக்கு வரும் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

இனி எழுதப்போவதை நேர்மை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம், நான் எண்ணவில்லை. எனக்கு வந்த மடல் அது. எனக்கென்று எழுதப்பட்ட நாலு சொல். என் ஆசை, என் இழப்பு, என் அறிவின்மை. அதற்கும் அவளே கைதட்டல் வாங்குகிறாள். என்னை மூடிக் காக்கத்தான் அப்படிச் சொன்னாள் என்பது தெரிந்தும் பொறுக்கவில்லை. கேள்வி கேட்போருக்கென வைத்திருந்த ஒலிவாங்கி இராமாத்தாள் கையில் இருந்தது. வாங்கினேன். எழுந்தேன்.

"அவையீர், அம்மடலின் இணைப்பினைத் திறந்த பேதை அவளல்லள், யானே" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. தலைகள் திரும்பின. "ஆருங்க பேத? என்ன சொல்றாரு?" என்று கேட்டது ஒரு குரல். இராமாத்தாள் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். "வாத்தியாரே, எங்களுக்குப் புரியறாப்பல சொல்லுங்க."

"நாந்தானுங்க தொறந்தேன்."

என் வாயிலிருந்து அப்படி ஒரு வரி ஒலிவாங்கியில் போனதில்லை.

"நீங்களா? ஏனுங்க தொறந்தீங்க?" என்றாள் இராமாத்தாள், ஊரறிய.

விடைக்கு என்னிடம் அடுக்குத்தொடர்கள் இருந்தன. வந்தது இதுதான்: "அவளுக்குப் பொன்னாடை போட்டாங்க. எனக்குப் பொறுக்கலீங்க. டிஸ்க்கையும் நான்தான் எடுத்துச் சொருகினேன். அவளுக்கு ஆரு பேச்சு எழுதிக் குடுக்கறாங்கன்னு பார்க்க."

ஒருத்தி சிரித்தாள். அடுத்து நாலு பேர். பிறகு மண்டபமே சிரித்தது. இராமாத்தாள் ஒலிவாங்கியைப் பறித்து, "இதுக்கு எதுக்குங்க சிரிக்கறீங்க? நான் சொசைட்டித் தலைவியானப்ப எங்கூட்டுக்காரர் மூணு நாள் சோறுங்கல. வயித்து வலின்னாரு. இன்னைக்கு வரைக்கும் வயித்து வலின்னுதான் சொல்லிட்டிருக்காரு. இவராச்சும் ஒத்துக்கிட்டாரு" என்றாள்.

அப்போது கைதட்டினார்கள். எனக்காகவா, அவள் கணவனின் வயிற்று வலிக்காகவா என்பது விளங்கவில்லை.

மேடையில் தாமரைக்கண்ணி அமைதியாகக் காத்திருந்தாள். ஆரவாரம் அடங்கியதும், என் பக்கம் பாராமல், கூட்டத்துக்குச் சொன்னாள்:

"இதை மட்டும் மறக்காமக் கொண்டு போங்க. வீட்ல ஆராச்சும் தப்பா ஒண்ணைத் தொறந்துட்டா ஒடனே சொல்லச் சொல்லுங்க. சொன்னவங்களைத் திட்டாதீங்க. சில வைரஸ் ஒரே நிமிசத்துல பூட்டாது; ராத்திரியெல்லாம் ஒவ்வொரு பைலாப் பூட்டிட்டுப் போகும். அன்னைக்குச் சாயந்தரமே தெரிஞ்சிருந்தா நெட்டைப் புடுங்கி, டிஸ்க்கைக் கழட்டி, கம்ப்யூட்டரை நிறுத்தி, பாதியாச்சும் காப்பாத்தியிருக்கலாம். வெக்கப்பட்டு மறைச்ச நேரம்தானுங்க வைரஸுக்குக் கெடைச்ச நேரம்."

அன்றிரவு அவள் குவளையில் பூங்கொத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில்தான் அமர்ந்திருந்தேன்.

கடகம் 26, திங்கள்

நேற்றுப் பேருந்தில் திரும்பியதை எழுத விட்டுப்போயிற்று.

இருவர் இருக்கை. அவள் சன்னலோரம். வண்டி நகர்ந்ததும் நான் தொடங்கினேன்.

"ஆடிப்பெருக்கு அன்றே உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"பிறகு ஏன் உன் தலையில் ஏற்றுக்கொண்டாய்?"

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனைச்சேன். ஆனா சனங்களுக்கு அந்தக் கதை தெரியோணும். ஆர் பேர்ல சொன்னா என்னங்க?"

யார் பெயரில் என்பதைவிடப் பெரிய செய்தி உலகில் உண்டா என்று எண்ணிக்கொண்டேன். பொழிவுகள் போனது போனதுதானே என்றேன். எனக்கு அவற்றில் பாதி நினைவில்லை. மேடையில் வந்தது மேடையோடு போயிற்று.

"எனக்கு நெனவிருக்குதுங்க. ஒவ்வொரு கேசட்டையும் நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவ கேட்டிருப்பேன்? பவானிக் கூட்டத்துல மழை வந்தப்ப நீங்க பேசினதை அப்படியே சொல்லட்டுங்களா?"

சொன்னாள். என் சொற்கள் அவள் குரலில், அவள் வேகத்தில் வந்தன. நடத்துநர் பயணச்சீட்டுக் கிழிப்பதை நிறுத்திக் கேட்டார். அந்த வரிகள் இவ்வளவு நன்றாக இருந்தன என்பது எனக்கே தெரியாது. நான் பேசியபோது இப்படி இருந்திருக்குமா என்ற ஐயம் எழுந்தது, அதை அடக்கினேன்.

இன்று காலை அவள் புதிய வன்தட்டைப் பொருத்தி, முதல் பொழிவைத் தட்டெழுதத் தொடங்கினாள். தெரிந்தவரை அவள் எழுதுவாள். விடுபட்டதை நான் சொல்ல வேண்டும். சில இடங்களில் நான் சொல்வதை வேண்டாமென்று தன் நினைவையே வைத்துக்கொள்கிறாள். நடுப்பகலில் படியெடுத்து, வன்தட்டைக் கழற்றி, நிலைப்பேழையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சாவியைக் கேட்கவில்லை, அது நேர்மையான ஏற்பாடுதான்.

நேற்றுப் பேருந்திலிருந்து இறங்கும்போது நான் கேட்டது இது: "இன்று கைதட்டல் யாருக்கு அதிகம்? உனக்கா, எனக்கா?"

"நான் எங்க எண்ணினேன்? நீங்க எண்ணியிருப்பீங்களே."

எண்ணியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை.